தெய்வத்திடம் கேட்ட விடுமுறை

நோய் வந்தால் மனிதன் வைத்தியனிடம் போகிறான். வைத்தியன் கையை விரித்துவிட்டால் தெய்வத்திடம் போகிறான் என்று சொல்வது வழக்கம். ஆண்களைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. பெண்களிடம் வந்தால் வரிசை மாறிவிடுகிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாள். கணவனுக்கு நெஞ்சு வலி என்றால் டாக்டரிடம் ஓடுகிறாள். தனக்கு இடுப்பு வலி என்றால் மட்டும் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, உலை வைக்கப் போய்விடுகிறாள்.

ஏன் இப்படி?

எளிதான விடைகள் இரண்டு உண்டு. பகுத்தறிவில் நாட்டமுள்ள நண்பர்கள், "எல்லாம் அறியாமை. படிப்பு வந்தால் போய்விடும்" என்பார்கள். பக்தியில் நாட்டமுள்ள நண்பர்கள், "பெண் இயற்கையிலேயே தெய்வ நம்பிக்கை உடையவள். அவளுக்குப் பிரார்த்தனையே மருந்து" என்பார்கள். முதல் விடையில் சிறிது கேலி இருக்கிறது. இரண்டாவது விடையில் நிறையப் புகழ்ச்சி இருக்கிறது. ஆனால் இரண்டு தரப்பாருக்கும் ஒரே ஒரு சௌகரியம் பொதுவாக இருப்பதைக் கவனித்தீர்களா? கேலி செய்கிறவரும் சரி, புகழ்கிறவரும் சரி, அந்த இடுப்பு வலிக்காக எழுந்து போய் எதுவும் செய்ய வேண்டியதில்லை!

மூன்றாவது விடை ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதைத் தேடுவதற்கு ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே சமயத்துப் பெண்களை மட்டும் பார்த்தால் போதாது. பல திசைப் பெண்களும் பல தெய்வங்களும் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்திருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும். அத்தகைய இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் சுங்குவார்சத்திரம்.

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் இந்த ஊர் வருகிறது. சத்திரம் என்பது வழிப்போக்கர்கள் இராப்பொழுதைக் கழிக்கிற இடம். பெயரிலேயே அந்தத் தருமத்தை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் இன்றைக்கும் அதே காரியத்தைத்தான் செய்துவருகிறது. வழிப்போக்கர்கள் மட்டும் மாறிவிட்டார்கள். கைபேசி செய்யும் ஆலைகளும், மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலைகளும், ஒரகடம் பக்கம் போனால் மோட்டார் வாகன ஆலைகளும் இங்கே நிறைந்திருக்கின்றன. 2019-20ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கை எடுத்துப் பார்த்தால், இந்தியா முழுவதிலும் ஆலைகளில் வேலை செய்த பெண்களில் நூற்றுக்குச் சுமார் 43 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்ப்பது இந்தச் சாலையின் இருபுறங்களிலும்தான்.

இந்தப் பெண்கள் திருவண்ணாமலையிலிருந்தும், விழுப்புரத்திலிருந்தும், தென்கோடி ஜில்லாக்களிலிருந்தும் வருகிறார்கள். இப்போது ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாம் என்று தூர தேசங்களிலிருந்தும் வருகிறார்கள். பெரும்பாலோர் இருபதைச் சுற்றிய வயதினர். ஒருத்தி மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றும் குடும்பத்தவள். ஒருத்தி தவக்காலத்தில் மாமிசம் தொடாதவள். ஒருத்தி ரமலான் மாதத்தில் பசியோடு யந்திரத்தின் முன் நிற்பவள். ஒருத்தியின் ஊரில் சால மரம் பூக்கும்போது சர்ஹூல் திருவிழா நடக்கும். காடுதான் அங்கே கோயில். இவர்கள் எல்லோரும் ஒரே நிறச் சீருடையில், ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி, ஒரே ஷிப்டுக்குப் போகிறார்கள். பாஷை வேறு, தெய்வம் வேறு. கழுத்து வலியும், கால் வீக்கமும், இரவு ஷிப்டு முடிந்து பகலில் தூங்க முடியாமல் புரளும் அவஸ்தையும் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்.

இவர்களுடைய விரதங்களைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பாருங்கள். வடக்கத்திப் பெண் கணவனின் ஆயுளுக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் தீஜ் விரதம் இருக்கிறாள். பீகார்ப் பெண் பிள்ளைகளின் நலத்துக்காகச் சட் பூஜையில் நீரில் இறங்கிச் சூரியனுக்கு அர்க்கியம் விடுகிறாள். நம் ஊர்ப் பெண் செவ்வாயும் வெள்ளியும் வயிற்றைக் காயப் போடுகிறாள். தம்பிக்கு வேலை கிடைக்க வேண்டும், அப்பாவின் குடி நிற்க வேண்டும் என்று. இத்தனை விரதங்களில், "என் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்" என்று ஒரு பெண் தனக்காகவே நோற்கும் விரதம் எங்கேயாவது உண்டா? அபூர்வம்! ஆனால் அந்த உடம்பின் நிலைமை என்ன? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கும் 49 வயதுக்கும் இடைப்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேர். இரத்தம் இல்லாத உடம்புகள் மற்றவர்களின் ஆயுளுக்காகப் பட்டினி கிடக்கின்றன.

சமயபுரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாசி மாதக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மனே விரதம் இருக்கிறாள். அதற்குப் பச்சைப் பட்டினி விரதம் என்று பெயர். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த அன்னம் படைப்பதில்லை; துள்ளுமாவு, நீர்மோர், இளநீர் போன்றவைதான். உலகத்து மக்கள் நோய் நொடியின்றி இருக்க வேண்டும் என்பதற்காக அன்னை பட்டினி கிடக்கிறாள் என்பது ஐதிகம். உருக்கமான கற்பனைதான், நானும் கைகூப்புகிறேன். ஆனால் நம் வீட்டுப் பெண்ணை எந்த அச்சில் வார்த்திருக்கிறோமோ, அதே அச்சில் அம்மனையும் வார்த்துவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றாமல் இல்லை.

இப்படிச் சொல்வதால், சமயம் பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்டதே தவிர எதையும் கொடுக்கவில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கொடுத்தும் இருக்கிறது. கொடுத்தவற்றில் மிகவும் பெரியது ஓய்வு.

ஒடிசாவில் ஜூன் மாத நடுவில் 'ரஜ' என்று ஒரு பண்டிகை வருகிறது. மழைக்காலம் தொடங்கும் வேளை. அந்த மூன்று நாட்களும் பூமித்தாய் வீட்டு விலக்காக இருக்கிறாள் என்று நம்புகிறார்கள். ஆகவே ஏர் பூட்டுவதில்லை, மண்ணை வெட்டுவதில்லை. பெண்களும் அந்த நாட்களில் அரைப்பதில்லை, இடிப்பதில்லை. புதுப் புடவை உடுத்தி, மரக்கிளைகளில் ஊஞ்சல் கட்டி ஆடுகிறார்கள். முன்கூட்டியே சுட்டு வைத்த பிட்டாவைத் தின்கிறார்கள். நான்காவது நாள் பூமித்தாய்க்கு நீராட்டு. பெண்ணின் உடம்பில் மாதந்தோறும் நடப்பதை வெட்கப்பட வேண்டியதாக எண்ணாமல், பூமிக்கும் நடப்பதாகக் கண்டு அதற்கு ஒரு திருவிழா எடுத்த அந்தக் கிராமத்து மனத்தை என்னவென்று புகழ்வது!

நம் பக்கத்தில் அதே மூன்று நாளுக்குத் தீட்டு என்று பெயர் வைத்தோம். கொல்லைப்புறத்தில் உட்கார வைத்தோம். தனித் தட்டு, தனிப் பாய். அவமானம்தான்; சந்தேகமில்லை. ஆனால் என் சிறு வயதில் எங்கள் ஊர்ப் பாட்டி ஒருத்தி சொன்னது நினைவிருக்கிறது. "அந்த மூணு நாள்தாண்டா நான் உட்கார்ந்து சாப்பிட்ட நாள்" என்றாள் அவள். அவமானத்தையும் ஓய்வையும் ஒரே இலையில் பரிமாறினோம். ஓய்வு வேண்டுமென்றால் அவமானத்தையும் சேர்த்து விழுங்கித்தான் ஆக வேண்டும். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி சித்தர் பீடத்தில், அந்த நாட்களிலும் பெண்கள் கருவறைக்குள் வந்து வழிபடலாம் என்று சொன்னபோது, சிவப்புப் புடவை உடுத்தி லட்சக்கணக்கான பெண்கள் அங்கே திரண்டதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். அவமானத்தை ஒரு சந்நிதி துடைத்துவிட்டது.

ஆலைக்கு வருவோம். ஆலை தீட்டுப் பார்ப்பதில்லை. அந்த வகையில் அது கொல்லைப்புறத்தை விட நாகரிகமானது. ஆனால் ஓய்வையும் அது பார்ப்பதில்லை. ஓடுகிற லைனில் ஒருத்தி எழுந்து போனால் அவளுக்கு அடுத்தவளின் கையில் வேலை குவிந்துவிடும். தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகள் சிலவற்றில், மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு லீவு கொடுப்பதற்குப் பதில் பெயர் ஒட்டாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையைத் தொடரச் செய்தார்கள் என்று 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை ஒரு விசாரணையை வெளியிட்டது. மூன்று நாள் ஊஞ்சல் இருந்த இடத்தில் ஒரு மாத்திரை! பீகார் அரசு தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் 2 நாள் விடுப்பு என்று 1992இலேயே உத்தரவிட்டது. கர்நாடக மந்திரிசபை 2025 அக்டோபரில், தனியார் நிறுவனங்களையும் சேர்த்து, மாதம் ஒரு நாள் என்று முடிவெடுத்தது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு இந்தச் சிறிய நியாயம் நடந்து வர 33 வருஷம் ஆகியிருக்கிறது.

பெண்ணின் உடம்பை ஆலை நினைத்தே பார்ப்பதில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. சுங்குவார்சத்திரத்தில் உள்ள பாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது. குடும்பப் பொறுப்பு, கர்ப்பம் ஆகியவற்றோடு, தாலியும் மெட்டியும் உலோகமாக இருப்பதால் வேலைக்கு இடைஞ்சல் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. புதிதாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 25 பேர் மணமானவர்கள் என்றும், உலோகம் அணியக் கூடாது என்ற விதி ஆண் பெண், மதம் என்ற வித்தியாசமின்றி எல்லோருக்கும் பொது என்றும் கம்பெனி தரப்பில் பதில் வந்தது. வழக்கின் தீர்ப்பைச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்று பாருங்கள். மெட்டியைக் கழற்றினால் கணவனின் ஆயுளுக்கு ஆகாது என்கிறது வீடு. மெட்டியோடு வந்தால் வேலைக்கு ஆகாது என்கிறது வாசல். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கால் வலிக்கிறதா என்று இருவருமே கேட்கவில்லை.

இனி, கேட்க வைப்பதற்குப் பெண்கள் கண்டுபிடித்த ஒரு வழியைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தாள். ஐந்து பிள்ளைகள், இரண்டு மாடுகள், பக்கவாதத்தில் படுத்த மாமியார். வருஷம் முழுவதும் அவள் வாயைத் திறந்து யாரும் கேட்டதில்லை. ஆடி மாதம் உடுக்கைச் சத்தம் கேட்டுவிட்டால் மட்டும் அவள் மேல் அம்மன் வந்துவிடுவாள். தலைவிரி கோலமாக ஆடி, கணவனை நோக்கி விரலை நீட்டி, "என் பிள்ளையை மாடு மாதிரி வேலை வாங்குறியேடா! பதினோரு நாளைக்கு அவ சாணி தொடக் கூடாது. ஒரு வேளை பால் அவளுக்குக் கொடுக்கணும். செய்வியா, மாட்டியா?" என்பாள். அந்த மனிதர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "செய்யறேன் தாயே, கோவிச்சுக்காதே தாயே" என்று காலில் விழுவார். பதினோரு நாள் அவளுக்குப் பால் கிடைக்கும்.

அது நடிப்பா? இல்லை என்றுதான் உறுதியாக நினைக்கிறேன். அவளுக்கே தெரியாமல் அவளுடைய உடம்பு ஒரு வக்கீலை வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். மனைவியாக வாய் திறந்து கேட்டிருந்தால் அறை கிடைத்திருக்கும். அம்மனாகக் கேட்டபோது பால் கிடைத்தது.

இது நம் ஊர்ப் பெரியம்மாவோடு நின்றுவிடும் சங்கதியும் அல்ல. மலேசியாவில் 1970களில் வெளிநாட்டுக் கம்பெனிகள் மின்னணு ஆலைகளைத் திறந்தன. கம்பத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். நாள் முழுவதும் உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாக மயிரிழை போன்ற கம்பிகளைப் பார்த்துப் பொருத்தும் வேலை. 1978இல் சிலாங்கூரில் ஓர் ஆலையில் 120 பெண்களை ஒரே சமயத்தில் 'ஆவி' பிடித்துவிட்டது. அலறினார்கள், மயங்கி விழுந்தார்கள். ஆலையை மூன்று நாள் மூட வேண்டியதாயிற்று. போமோ எனப்படும் மந்திரவாதியை வரவழைத்து, ஆலை மனையிலேயே ஓர் ஆட்டைப் பலி கொடுத்தார்கள். ஐவா ஓங் என்ற மானிடவியல் அறிஞர் இதைப் பற்றி ஆராய்ந்து 1987இல் ஒரு நூலே எழுதினார். கம்பெனிக்கு அது வெறும் ஹிஸ்டீரியாவாகத் தோன்றியது. அவரோ அதில் ஓர் எதிர்ப்பைக் கண்டார். வாயால் சொல்ல முடியாததை ஆவி சொல்லிற்று. பல வருஷங்களுக்குப் பிறகு கம்போடியாவின் ஆடை ஆலைகளிலும் பெண்கள் கூட்டம் கூட்டமாக மயங்கி விழுந்தார்கள். அங்கே காவல் தெய்வத்துக்குப் பெயர் நெயாக் தா. அந்தத் தெய்வமும் பெண்களின் வாய் வழியாகப் பேசி, ஆலைக்காரர்களிடம் மரியாதை கேட்டது.

ஆடியில் வந்த அம்மன், சிலாங்கூரில் வந்த ஆவி, கம்போடியாவில் வந்த நெயாக் தா: மூவரும் மூன்று சமயங்களைச் சேர்ந்தவர்கள். மூவரும் கேட்டது என்னவோ ஒன்றுதான். 'இவளைக் கொஞ்சம் உட்கார விடுங்கள்.'

நான் தேடிய மூன்றாவது விடை இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. பெண் தன் உடம்பைத் தெய்வத்திடம் முதலில் எடுத்துச் செல்வதற்கு அறியாமை காரணமல்ல. பக்தி மட்டும் காரணமல்ல. அவள் கேட்பதை மறுக்காமல், கணக்குப் பார்க்காமல், 'உனக்கென்ன வந்தது' என்று சொல்லாமல் காது கொடுக்கும் ஒரே இடம் அதுதான். மற்ற கதவுகளைத் தட்டிப் பார்த்து, திறக்காது என்று பழகிப்போனவள் திறந்திருக்கிற கதவுக்குப் போகிறாள்.

கதவைத் தட்டும் தைரியம் வந்தால் என்ன ஆகும் என்பதையும் அதே சுங்குவார்சத்திரம் காட்டியிருக்கிறது. 2021 டிசம்பர் மத்தியில், பாக்ஸ்கான் தொழிலாளப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி, 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். ஓர் அறையில் 6 பேர் முதல் 30 பேர் வரை தரையில் படுத்துக்கொண்டிருந்ததும், சில இடங்களில் கழிப்பறையில் தண்ணீர் வராததும் அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தன. தோழிகள் சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தியும் பரவியது. டிசம்பர் 17ஆம் தேதி இரவு அந்தப் பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் யார் மேலும் அம்மன் வந்ததாகச் செய்தி இல்லை. அன்று அவர்கள் தங்கள் குரலிலேயே பேசினார்கள்.

ஆலை மூடப்பட்டது. ஆப்பிள் கம்பெனி டிசம்பர் 29ஆம் தேதி அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்ததாக அறிவித்தது. 2022 ஜனவரி 12இல்தான் மறுபடி வேலை தொடங்கிற்று. 2024 ஆகஸ்ட் 17இல், வல்லம் வடகாலில் சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுக் கட்டிய, 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. பக்கத்தில் வல்லக்கோட்டை முருகன் கோயில் இருக்கிறது. விடுதிப் பெண்கள் அங்கே போய் இனி எதற்காக வேண்டிக்கொள்வார்களோ தெரியாது. கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும் என்று ஒரு பெண் முருகனிடம் வேண்டிக்கொள்ளும் நிலைமை மட்டும் எந்த ஊரிலும் வரக் கூடாது. அது முருகன் கவனிக்க வேண்டிய இலாகா அல்ல.

"அப்படியானால் தெய்வ நம்பிக்கையே வேண்டாம் என்கிறீரா? அது பெண்களை வாயடைத்து வைக்கிறது என்கிறீரா?" என்று சிலர் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லத் துணிய மாட்டேன். நம்பிக்கைக்கும் உடல் நலத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதை மேல்நாட்டு விஞ்ஞானிகளே அளந்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 74,534 நர்ஸ்களை வருஷக்கணக்கில் கவனித்து, 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குப் போன பெண்களிடையே, ஒருபோதும் போகாதவர்களைவிட மரண விகிதம் நூற்றுக்கு 33 பங்கு குறைவாக இருந்தது. அதன் காரணங்களைத் துருவியபோது, மற்ற மனிதர்களின் ஆதரவு கிடைப்பது அவற்றில் பெரியதொரு காரணமாக நின்றது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரக் கிறிஸ்தவப் பெண்கள். அந்தக் கணக்கை அப்படியே நம் மாரியம்மன் கோயிலுக்குப் பொருத்திவிட முடியாது என்பது உண்மை. ஆனால் 2006இல் வெளியான இன்னோர் ஆய்வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருதய அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்காக, முன்பின் அறியாத அன்பர்கள் தூரத்தில் இருந்துகொண்டு பிரார்த்தனை செய்தார்கள். பலன் எதுவும் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது. முன்பின் அறியாதவர் எங்கோ இருந்து செய்த பிரார்த்தனையால் புண் ஆறவில்லை. கூடி உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவளின் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, 'என்னடி, சாப்பிட்டாயா?' என்று கேட்கிற இடத்தில் ஆயுள் நீள்கிறது. தெய்வ சந்நிதியின் பெருமையில் பாதி, அங்கே மனிதர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஜார்க்கண்டிலிருந்து வந்த பெண் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து விடுதியில் இழந்துவிட்டது தன் தெய்வத்தை மட்டுமா? அந்தத் தெய்வத்தின் பெயரால் தன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த பத்துப் பெண்களையும் அல்லவா இழந்திருக்கிறாள்?

நம்பிக்கைக்கு மறுபக்கமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. மனநோய் தீரும் என்று நம்பி ஏர்வாடி தர்காவுக்கு வந்தவர்களைப் பக்கத்தில் இருந்த தனியார் விடுதிகளில் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றிற்று. சங்கிலியோடு 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தர்காவின் மேல் இருந்த நம்பிக்கையா? அல்ல. 'தெய்வத்திடம் ஒப்படைத்தாயிற்று, இனி நமக்குப் பொறுப்பில்லை' என்று வீட்டுக்குத் திரும்பிய நம் மனம்தான் கொன்றது. பின்னாளில் அதே ஏர்வாடியில், தர்கா வளாகத்திலேயே மனநோய் வைத்தியர்கள் உட்கார்ந்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 'தவா-துவா' என்று அதற்குப் பெயர். மருந்தும் பிரார்த்தனையும் என்று அர்த்தம். நம்பிக்கையோடு வருகிறவளை விரட்டவும் இல்லை. நம்பிக்கையைச் சாக்காகக் காட்டி மருந்தை மறுக்கவும் இல்லை. இந்த விஷயத்தில் நான் அறிந்தவரை மிகவும் கண்ணியமான வழி அதுதான்.

அறத்தின் பார்வையில் கேள்வி மிகவும் எளிமையானது. ஒரு பெண் தெய்வத்தின் முன்னால் இறக்கி வைக்கிற பாரங்களை இரண்டு கூறாகப் பிரிக்கலாம். சாவு, பிரிவு, காரணம் தெரியாத துயரம், நடுநிசியில் வரும் பயம் என்று சில பாரங்கள் உண்டு. அவற்றை எந்தச் சர்க்காரும் எந்த ஆஸ்பத்திரியும் முழுக்க இறக்கி வைக்க முடியாது. அவற்றை அவள் காமாட்சியிடம் சொல்லட்டும். ஆரோக்கிய மாதாவிடம் சொல்லட்டும். நாகூர் ஆண்டவரிடம் சொல்லட்டும். பூத்த சால மரத்தடியில் சொல்லட்டும். அங்கே குறுக்கே பேச நமக்கு உரிமையில்லை.

இன்னொரு கூறு இருக்கிறது. தூக்கம், நல்ல சாப்பாடு, மாதத்தில் ஓரிரு நாள் உட்கார்ந்திருக்கும் உரிமை, வலிக்கிறது என்றால் நம்புகிற ஒரு மனிதர். இவற்றையும் அவள் தெய்வத்திடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இவற்றைத் தெய்வம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுக்காமல் இருக்கவில்லை. வைத்திருப்பவர்கள் ஆலை முதலாளியும், சர்க்காரும், அவளுடைய வீட்டிலேயே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நாமும்தான். ஆலையைப் பற்றிப் படிக்கும்போது தலையை ஆட்டுவது சுலபம். நம் வீட்டில் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவளிடம், 'எதற்காக இருக்கிறாய்?' என்று கேட்டுப் பார்ப்பதுதான் கொஞ்சம் கடினம். அவள் சொல்லும் பதிலில் நம்மால் கொடுக்கக்கூடியது ஏதாவது இருந்துவிட்டால், அதை இன்றைக்கே கொடுத்துவிட வேண்டியிருக்குமே!